பென் டிரைவிலிருந்தே இயங்கும் கருவிகளால் வைரஸ் நீக்குவது: சேலம், ஏற்காடு வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஏற்காட்டில் ஒரு கணினி மக்கர் செய்தால், மூட்டை கட்டி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கணினியையும் அப்படித்தான் கொண்டுபோனோம். கீழே ஒரு கடையில் ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். மேலே வந்து வீட்டில் கிடந்த பென் டிரைவைச் செருகித் திறந்ததும் பழைய வைரஸ் திரும்ப ஏறிக்கொண்டது. வேறு பென் டிரைவ் இருக்கிறதா என்று கடையில் யாரும் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு கடைக்குப் போகாமல் நாங்களே உட்கார்ந்து சுத்தம் செய்தோம். அப்போது தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு இது பொருந்தும். பெரிய கணினி அறிவு தேவையில்லை. ஒரு இரவும் மறுநாள் காலையும் ஒதுக்க முடிந்தால் போதும்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் செய்ததெல்லாம் வீணாகலாம்.

1. முதலில், இது வைரஸ்தானா என்று பாருங்கள்

"உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையின் ஓரத்தில் வந்துகொண்டே இருக்கிறதா? பெரும்பாலும் அது வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் 'அலவ்' பொத்தானை அழுத்தியிருப்பீர்கள், அந்தத் தளம் அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய், பெயர் தெரியாத தளங்களை எல்லாம் நீக்கிவிட்டால் முடிந்தது. அந்த எண்ணை மட்டும் அழைக்காதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் எனிடெஸ்க் என்ற, தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளச் சொல்வார். கணினி அவர் கைக்குப் போய்விடும்.

கணினி மெதுவாக இருப்பது மட்டும் வைரஸுக்கு அடையாளம் ஆகாது. பழைய ஹார்டு டிஸ்க், 4 ஜிபி ராம், பின்னணியில் விண்டோஸ் அப்டேட் என்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் சிறிய அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருப்பது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால், வீட்டுக் கணினியிலேயே 'இதை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வருவது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமல், மற்றவை எல்லாம் திறப்பது. கணினி தொடங்கும்போது கறுப்புப் பெட்டி ஒன்று வந்து மறைவது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் அது தானாக மூடிக்கொள்வது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே படியுங்கள்.

ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு வால் முளைத்து, எதுவும் திறக்காமல், பணம் கேட்டு ஒரு குறிப்பு ஃபைலும் இருந்தால் அது ரேன்சம்வேர். உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு, நேராக 11-ம் படிக்குப் போங்கள்.

2. இணைப்பைத் துண்டியுங்கள்

லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். அந்தக் கணினியில் இனி வங்கி, மின்னஞ்சல், ஜிஎஸ்டி தளம் எதையும் திறக்க வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் செருகியிருந்தால் கழற்றி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அதில் இருக்கும் சாவியை வெளியே நகலெடுக்க முடியாதுதான். ஆனால் வைரஸ் உள்ள கணினியில் டோக்கனைச் செருகிவைத்து, பின் எண்ணையும் தட்டினால், வேறொருவர் உங்கள் பெயரில் கையெழுத்துப் போட வழி திறந்துவிடும்.

3. கையில் இருக்க வேண்டியவை

பாதி வழியில் பலர் மாட்டிக்கொள்வது இந்த விவரங்கள் இல்லாமல்தான். தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிட்லாக்கர் மீட்பு எண்: புதிய லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் பூட்டு நமக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். சேஃப் மோடுக்கோ (மிகக் குறைந்த நிரல்களோடு விண்டோஸ் ஓடும் நிலை) வெளி டிஸ்க் வழியாகவோ போனால் 48 இலக்க எண் கேட்டு நின்றுவிடும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். மொபைலிலிருந்து உள்ளே போய் முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.

விண்டோஸ் கணக்கின் முழு பாஸ்வேர்டு: தினமும் நான்கு இலக்கப் பின் போட்டே பழகியிருப்போம். சேஃப் மோடில் அந்தப் பின் சில நேரம் வேலை செய்யாது.

டேலி பயன்படுத்துபவர்கள் உரிம எண்ணையும், பதிவு செய்த மின்னஞ்சலையும், டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் மண்டி வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம், மற்றதெல்லாம் போனாலும் பரவாயில்லை என்பார்கள்.

வாரண்டி முடியாத கணினி என்றால் பில்லையும் எடுத்து வையுங்கள். கடைசியில் கடைக்கே போக நேர்ந்தால் கேட்பார்கள்.

4. நாளைத் தேர்ந்தெடுங்கள்

முழு ஸ்கேன் என்பது மணிக்கணக்கில் ஓடும் வேலை. எஸ்எஸ்டி (வேகமான புதிய வகை டிஸ்க்) உள்ள கணினியில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியலாம். பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க் என்றால் இரவு முழுவதும் எடுக்கும். அதனால் கணக்கு வேலை உள்ளவர்கள் மாதத்தின் 11, 20 தேதிகளை ஒட்டி இதைத் தொடவே வேண்டாம். ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல் நெருக்கடியில் பாதி ஸ்கேனை நிறுத்திவிட்டு கணினியைத் திறக்கச் சொல்லி யாராவது வந்து நிற்பார்கள்.

மின்சாரத்தையும் பாருங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை என்றைக்கு என்று நாளிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் மழைக் காலம் என்றால் கேட்கவே வேண்டாம், காற்றடித்தால் ஒரு மரம் விழும், கம்பி அறும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் விண்டோஸே ஏறாமல் போக வாய்ப்புண்டு. லேப்டாப்பை சார்ஜரிலேயே வைத்து, ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என்று மாற்றிவிடுங்கள்.

5. கருவிகளைச் சேகரியுங்கள், வேறொரு சாதனத்தில்

இந்தக் கருவிகளுக்கு இன்ஸ்டால் தேவையில்லை. டவுன்லோட் செய்து, பென் டிரைவில் போட்டு, அங்கிருந்தே இரட்டைக் கிளிக் செய்தால் ஓடும். கணினியில் ஏற்கெனவே உள்ள ஆன்டிவைரஸை நீக்கவும் வேண்டாம்.

நான் பரிந்துரைப்பவை:

மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர். இலவசம். 32 பிட், 64 பிட் என இரண்டு உண்டு, உங்கள் விண்டோஸுக்கு உரியதை எடுங்கள். டவுன்லோட் செய்த 10 நாளில் காலாவதியாகிவிடும், அப்புறம் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

காஸ்பர்ஸ்கி வைரஸ் ரிமூவல் டூல். கண்டுபிடிப்பதில் கெட்டி. இது ரஷ்ய நிறுவனம், அமெரிக்கா 2024-ல் இதன் விற்பனைக்குத் தடை போட்டது. இந்தியாவில் அப்படித் தடை இல்லை. மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட். அளவில் பெரியது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம்.

மால்வேர்பைட்ஸ் ஆட்வ்கிளீனர். சில எம்பிதான். வைரஸை விட, பிரவுசரில் ஒட்டிக்கொண்ட விளம்பரக் குப்பைகளை நீக்க நல்லது.

டாக்டர் வெப் கியூர்இட். இதையும் சிலர் விரும்புகிறார்கள், வீட்டு உபயோகத்துக்கு மட்டும் இலவசம். டவுன்லோட் செய்யும்போதே ஃபைலுக்கு ஏதோ ஒரு பொருளற்ற பெயர் வரும், பயப்பட வேண்டாம். வைரஸ் பெயரைப் பார்த்துத் தடுக்காமல் இருக்கத்தான் அப்படி.

முதல் கருவியோடு காஸ்பர்ஸ்கி, எம்சிசாஃப்ட் இரண்டில் ஒன்று, கூடவே ஆட்வ்கிளீனர். அவ்வளவு போதும். எல்லாம் சேர்ந்து ஒரு ஜிபிக்குள் அடங்கும், அதாவது மொபைலின் ஒரு நாள் டேட்டா. ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் சிக்னல் பரவாயில்லை, நாகலூர் போன்ற ஊர்ப் பக்கம் போனால் ஒரு ஃபைலுக்கே பொழுது போய்விடும். ஏதாவது வேலையாகச் சேலம் இறங்கும் அன்றைக்கே எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். எடுத்ததைப் பத்து நாளுக்குள் பயன்படுத்துங்கள்.

வீட்டில் வேறு கணினி இல்லையே என்பவர்களுக்கு ஒரு வழி. ஆண்ட்ராய்டு மொபைலிலேயே டவுன்லோட் செய்து, டைப்-சி முனை உள்ள பென் டிரைவுக்கோ, ஓடிஜி கேபிள் வழியாகச் சாதாரணப் பென் டிரைவுக்கோ நகலெடுக்கலாம். விண்டோஸ் வைரஸ் ஆண்ட்ராய்டில் ஓடாது, அதனால் மொபைல் சுத்தமான இடம்தான். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கட்டும். என்டிஎஃப்எஸ் முறையைப் பல மொபைல்கள் படிக்காது. பிரவுசிங் சென்டர் கணினியில் மட்டும் டவுன்லோட் செய்யாதீர்கள். பாதிப் பேருக்கு வைரஸ் வந்ததே அங்கிருந்துதான்.

புதிய 32 ஜிபி பென் டிரைவை நான் ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்கினேன். இந்த வேலையில் கட்டாயச் செலவு இது ஒன்றுதான். இருக்கிற பழையதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம், பழையவை அனைத்தும் 9-ம் படி முடியும் வரை குற்றவாளிக் கூண்டில்தான் நிற்க வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள். கூகுளில் தேடினால் மேலே முதலில் வருவது விளம்பரம். 'ஸ்பான்சர்ட்' என்று சிறிதாகப் போட்டிருக்கும். அதே பெயரில் போலிக் கருவி கொடுத்து, 'உங்களிடம் 900 பிரச்சினைகள் உள்ளன, நீக்கப் பணம் கட்டுங்கள்' என்று கேட்பவை அங்கே நிறைய. தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இரண்டாவது, அலுவலகக் கணினி என்றால் உரிமத்தைப் பாருங்கள். வீட்டுக்கு இலவசம் என்று சொல்பவை கடைக்கும் ஆபீசுக்கும் இலவசம் ஆகாது. அங்கே மைக்ரோசாஃப்ட் கருவியும், விண்டோஸிலேயே உள்ள ஆன்டிவைரஸான டிஃபெண்டரும் போதும்.

கணினிப் பாதுகாப்புக்கான இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவிலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கும்.

6. ஸ்கேனுக்கு முன் உங்கள் ஃபைல்களை வெளியே எடுங்கள்

வைரஸ் ஒட்டிய ஃபைலைச் சரிசெய்ய முடியாவிட்டால் கருவி அழித்துவிடும். கூடவே, ஏழெட்டு வருடப் பழைய ஹார்டு டிஸ்க்கை இரவு முழுவதும் ஓடவிட்டால் அதுவே கண்ணை மூடிவிடவும் கூடும். அதனால் முதலில், வெளி டிஸ்க் ஒன்றில் நகல்.

எடுக்க வேண்டியவை: புகைப்படங்கள், பிடிஎஃப், வேர்ட், எக்செல் ஃபைல்கள், டேலி டேட்டா ஃபோல்டர், பிரவுசர் புக்மார்க். எடுக்கவே கூடாதவை: செட்டப் ஃபைல்கள், இஎக்ஸ்இ என்று முடியும் எதுவும், ஸ்கிரீன் சேவர், ஷார்ட்கட்கள், எங்கிருந்தோ வாங்கிய கிராக் ஃபோல்டர்கள் (உரிமம் இல்லாமல் ஓடும்படி பூட்டை உடைத்த மென்பொருள்). ஃபோட்டோ ஸ்டுடியோ, ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசி வரி கசக்கும். கிராக் ஃபைலில் வைரஸ் என்று கருவி சொன்னால், "அது அப்படித்தான் காட்டும், ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க" என்று விற்றவர் சொல்வார். பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் இன்று அதிகம் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான்.

நகலெடுத்த டிஸ்க்கை ஓரமாக வையுங்கள். அதையும் சுத்தம் என்று இன்னும் நம்பக் கூடாது. வேர்ட், எக்செல் ஃபைலைப் பின்னால் திறக்கும்போது 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால் அழுத்தாதீர்கள்.

7. ஸ்கேன்: சேஃப் மோடில், ஒன்றன்பின் ஒன்றாக

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். நீலத் திரையில் ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போங்கள். பட்டியல் வந்ததும் எண் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. இங்கே விண்டோஸ் மிகக் குறைந்த நிரல்களோடு ஓடும், வைரஸ் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

கருவிகள் பென் டிரைவிலிருந்தே ஓடும் என்றாலும், பென் டிரைவைச் செருகி, அவற்றை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். பென் டிரைவை உடனே எடுத்துவிடுங்கள். இந்தக் கணினியைத் தொட்டுவிட்டதால் அதுவும் இனி சந்தேகப் பட்டியலில்தான்.

முதலில் காஸ்பர்ஸ்கி அல்லது எம்சிசாஃப்ட். காஸ்பர்ஸ்கியில் 'சேஞ்ச் பாராமீட்டர்ஸ்' என்ற இடத்தில் சி டிரைவையும் மற்ற டிரைவ்களையும் டிக் செய்யாவிட்டால் மேலோட்டமாகத்தான் பார்க்கும். எம்சிசாஃப்டில் கஸ்டம் ஸ்கேன் எடுத்து எல்லா டிரைவையும் சேருங்கள். கண்டுபிடித்தவற்றின் பட்டியல் வந்ததும் அவசரப்பட வேண்டாம். மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வைரஸின் பெயர் பின்னால் தேவைப்படும். 'கியூர்' இருந்தால் அது, இல்லையென்றால் 'குவாரன்டைன்' (அழிக்காமல் தனியே பூட்டி வைப்பது). நேராக 'டெலீட்' போகாதீர்கள். உங்கள் சொந்த ஃபைல் தவறாகச் சிக்கியிருந்தால் குவாரன்டைனிலிருந்து மீட்கலாம், டெலீட் ஆனதை மீட்க முடியாது.

கருவி திறக்கவே மறுத்தால், ஃபைலின் பெயரை உங்கள் வீட்டுப் பூனையின் பெயராக மாற்றிப் பாருங்கள். தெரிந்த பெயர்களை மட்டும் தடுக்கும் வைரஸ்கள் உண்டு.

ரீஸ்டார்ட் செய்து, திரும்பச் சேஃப் மோடு. இப்போது மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரில் 'ஃபுல் ஸ்கேன்'. இதில் எல்லோரும் பயப்படும் ஒரு விஷயம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது 'பாதிக்கப்பட்ட ஃபைல்கள்: 14' என்று காட்டும். முடிந்ததும் 'எதுவும் இல்லை' என்று சொல்லும். பழுதில்லை. நடுவில் காட்டுவது சந்தேகத்தின் எண்ணிக்கை, கடைசியில் வருவதுதான் தீர்ப்பு. விவரம் வேண்டுமென்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'டீபக்' என்ற ஃபோல்டரில் பதிவு ஃபைல் இருக்கும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டு, இரண்டும் நத்தையாகிவிடும்.

பிறகு சாதாரணமாக விண்டோஸுக்குள் வந்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்று போய், டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி தானே ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிடம். விண்டோஸுக்கு அடியில் ஒளிந்திருப்பவற்றைப் பிடிக்க வீட்டில் உள்ள சிறந்த ஆயுதம் இது, பலருக்கு இருப்பதே தெரியாது. பிட்லாக்கர் எண் கேட்டால் தாளை எடுங்கள்.

8. மிச்சம் மீதி

வைரஸ் போன பிறகும் கணினி தொடங்கும்போது 'ஸ்கிரிப்ட் ஃபைலைக் காணவில்லை' என்று ஒரு பெட்டி வரலாம். திரும்பி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஃபைல் போய்விட்டது, அதைக் கூப்பிடும் வரி மட்டும் விண்டோஸில் மிச்சம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் என்ற சிறு கருவியில் அந்தப் பெயரைத் தேடி, பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் நின்றுவிடும். டிக்கை எடுப்பதோடு நிறுத்துங்கள், புரியாத வரிகளை அழிக்க வேண்டாம்.

ஆட்வ்கிளீனரை இப்போது ஓட்டுங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களில் தெரியாதவற்றை நீக்குங்கள்.

9. எல்லாப் பென் டிரைவ்களும், ஒரே நாளில்

பொறுமை குறையும் இடம் இது. ஆனால் வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. வீட்டில் உள்ள பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்டு டிஸ்க் அத்தனையையும் ஒரு தட்டில் கொட்டுங்கள். பிள்ளையின் காலேஜ் பையில் ஒன்று, கார் ஆடியோவில் ஒன்று, அப்பாவின் எல்ஐசி ஃபைலுக்குள் ஒன்று என்று எங்கெங்கோ இருக்கும். அம்மாபேட்டை, இளம்பிள்ளைப் பக்கம் எலக்ட்ரானிக் ஜக்கார்டு தறிக்கு டிசைன் கொண்டுபோகும் பென் டிரைவ் இருந்தால் அதுவும்.

ஷார்ட்கட் வைரஸ் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். உங்கள் ஃபோல்டரை அது அழிப்பதில்லை, மறைத்துவிடுகிறது. அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. நீங்கள் அதைக் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் ஓடும். அதனால்தான் பல மாதம் யாருக்கும் தெரிவதில்லை. செருகினால் மட்டும் இது பரவாது. அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்ய வேண்டும்.

சுத்தமான கணினியில், ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதையும் கிளிக் செய்யாமல், 'திஸ் பிசி'யில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'வியூ' தாவலுக்குப் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி மாற்றுங்கள். 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை' என்ற டிக்கையும் எடுக்க வேண்டும், இதை விட்டால் எதுவும் தெரியாது. இப்போது மங்கலான நிறத்தில் உங்கள் பழைய ஃபோல்டர்கள் தெரியும். சில நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் போய் உட்கார்ந்திருக்கும், அதையும் திறந்து பாருங்கள்.

மங்கலான ஃபோல்டரில் 'ஹிடன்' டிக்கை எடுக்கப் போனால் அது அசையாது. கட்டளைத் திரையில் செய்ய வழி இருக்கிறது, ஆனால் டிரைவ் எழுத்தை மாற்றித் தட்டிவிட்டால் தலைவலி. சுலபமானது இது: கணினியில் புதிய ஃபோல்டர் ஒன்று உருவாக்கி, மங்கலான ஃபோல்டருக்கு உள்ளே போய், அங்கே உள்ள ஆவணங்களையும் படங்களையும் மட்டும் புதியதற்கு நகலெடுங்கள். ஷார்ட்கட், விபிஎஸ் (ஸ்கிரிப்ட் ஃபைல்), இஎக்ஸ்இ எதையும் தொடாதீர்கள். எல்லாம் வந்துவிட்டதா என்று சரிபார்த்த பிறகு பென் டிரைவை ஃபார்மட் செய்து, ஃபைல்களைத் திரும்பப் போடுங்கள். முடிந்ததும் அந்த 'வியூ' மாற்றங்களைப் பழையபடி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் யாராவது சிஸ்டம் ஃபைலை அழிப்பார்கள்.

ஸ்கேன் கருவிகளை வைத்திருந்த புதுப் பென் டிரைவையும், 6-ம் படியில் நகலெடுத்த டிஸ்க்கையும் இதே வரிசையில் நிறுத்துங்கள்.

இனி ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டுபோகாதீர்கள். பிடிஎஃப் ஆக்கிக் கடையின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ அனுப்பினால் போதும். அவர்கள் கணினியில் உங்கள் வாட்ஸ்அப் வெப்பைத் திறக்க வேண்டாம். பென் டிரைவ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கடைக்கு, உள்ளே வேறெதுவும் இல்லாத ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, வந்ததும் ஃபார்மட் செய்யுங்கள்.

10. பாஸ்வேர்டுகள்

படம் எடுத்து வைத்த பட்டியலில் 'ஸ்டீலர்', 'ஸ்பை', 'பிஎஸ்டபிள்யூ' போன்ற சொற்கள் இருந்தால், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் போய்விட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொபைலிலிருந்து மாற்றுங்கள்: முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு ஜிஎஸ்டி, வருமான வரி, ஃபேஸ்புக். பாஸ்வேர்டை மாற்றுவதோடு, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்த வேண்டும். ஏற்கெனவே உள்ளே நுழைந்து உட்கார்ந்திருப்பவரைப் பாஸ்வேர்டு மாற்றம் மட்டும் எப்போதும் வெளியே தள்ளாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

பணம் போயிருந்தால் சுத்தம் செய்வதெல்லாம் பிறகு. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், வங்கிக் கணக்கு அறிக்கை, திரைப் படங்கள் தயாராக இருக்கட்டும். நேரில் போவதென்றால், சேலம் நகரத்துக்குள் இருப்பவர்கள் மாநகரக் காவல் ஆணையரின் கீழ் வருவார்கள். ஏற்காடு, ஓமலூர் போன்ற ஊர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ். இரண்டுக்கும் தனித்தனி சைபர் குற்றப் பிரிவு உண்டு. தப்பான இடத்துக்குப் போனால் ஒரு நாள் போகும்.

11. எப்போது விட்டுவிட வேண்டும்

பட்டியலில் சாலிட்டி, ராம்னிட், விருட் என்ற பெயர்கள் நூற்றுக்கணக்கில் வந்தால் ஸ்கேனை நிறுத்துங்கள். இவை கணினியில் உள்ள இஎக்ஸ்இ ஃபைல்களுக்குள்ளேயே நுழைந்துகொள்பவை. சுத்தம் செய்தாலும் பாதி நிரல்கள் நொண்டும். ஃபார்மட்தான் ஒரே வழி. இரண்டு கருவிகள் ஓட்டியும் அதே பெயர் மறுபடி மறுபடி வந்தாலும் அப்படியே. பாஸ்வேர்டு திருடி வந்திருந்த கணினியில் வங்கி வேலை நடக்கிறது என்றால், நானாக இருந்தால் சுத்தமாக இருப்பதாகக் காட்டினாலும் ஃபார்மட் செய்துவிடுவேன்.

ரேன்சம்வேர் என்றால் பூட்டிய ஃபைல்களை அழிக்காதீர்கள். தனி டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். 'நோ மோர் ரேன்சம்' என்ற தளத்தில் ஒரு பூட்டிய ஃபைலையும் அந்தக் குறிப்பையும் கொடுத்தால், எந்த வகை, திறக்கும் கருவி இலவசமாக இருக்கிறதா என்று சொல்லும். இன்று இல்லாதது நாளை வரலாம். வழியில் யாராவது 'நாங்கள் திறந்து தருகிறோம், முன்பணம் கொடுங்கள்' என்றால் நகருங்கள்.

ஃபார்மட்டை வீட்டிலேயே செய்யலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், சுத்தமான கணினியிலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் வழியாக விண்டோஸை ஏற்றிக்கொள்ள வேண்டும். அசல் விண்டோஸோடு வந்த கணினி என்றால் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தே இருக்கும், சாவி கேட்டால் 'என்னிடம் இல்லை' என்று தாண்டிப் போகலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. எப்படியும் ஃபார்மட் செய்வதென்றால், கணினி தாங்கும் என்றால், 11-க்கே போய்விடுங்கள்.

கடையில்தான் கொடுப்பது என்று முடிவானால், கொடுக்கும் முன்பே மூன்றைப் பேசிக்கொள்ளுங்கள். ஃபைல் நகல் எடுப்பது கட்டணத்தில் அடக்கமா, தனியா? போடுவது உங்கள் கணினியோடு வந்த அசல் விண்டோஸா, கிராக் போட்டதா? எந்த டிரைவை அழிப்பார்கள், சி மட்டுமா, டி-யும் சேர்த்தா? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சார்ஜரையும் எண் குறித்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பென் டிரைவ்களைக் கொடுக்க வேண்டாம், அவற்றை 9-ம் படியில் சொன்னபடி வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கணினி திரும்பி வரும் முன் அவை சுத்தமாக இருக்க வேண்டும்.